அரசியின் அவையில் ஓர் அழுகை

குரல்களின் வரலாறு – 11

கி.மு. 54. சீசர் பிரிட்டன் தீவின் மேல் படையெடுத்துப் போயிருக்கிறார். ரோமில் இருந்த சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தத் தீவில் வெள்ளி இல்லை, அடிமைகளைத் தவிர வேறு கொள்ளைப் பொருளும் கிடைக்காது, அந்த அடிமைகளிலும் எழுத்தோ இசையோ கற்ற ஒருவன் இருப்பான் என்று எதிர்பார்க்காதே என்று அதில் ஏளனம் செய்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆங்கிலேயர் இதற்குப் பதில் எழுதினார். அவர் பெயர் ராபர்ட் டவ். ஆக்ஸ்ஃபோர்ட் ஆல் சோல்ஸ் கல்லூரிக்காரர். தன் கைப்பட எழுதிய இசை ஏடுகளில் சிசரோவின் வாக்கியத்தை எடுத்தெழுதி, அதை ஒட்டியே தன் தீர்ப்பையும் பதிவு செய்தார். பேர்ட் என்கிற இந்த ஒரு மனிதர் ஆங்கிலேயர் அத்தனை பேரையும் அந்தப் பழியிலிருந்து மீட்டுவிட்டார் என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

டவ் இந்த ஏடுகளை 1581-இல் தொடங்கினார். மொத்தம் ஐந்து ஏடுகள். ஐந்து பேர் சேர்ந்து பாடும்போது ஆளுக்கு ஒன்று. அச்சோ என்று ஐயப்படும்படியான கையெழுத்து. இன்றும் அவை ஆக்ஸ்ஃபோர்ட் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இடம்பெற்ற பாடல்களில் ஒன்றுதான் வில்லியம் பேர்ட் இயற்றிய ‘நே இராஸ்காரிஸ், டோமினே’. இந்த வாரம் நாம் கேட்கப்போவது அதைத்தான்.

மோட்டெட் என்ற வடிவத்தை இந்தத் தொடரில் முன்பே சந்தித்திருக்கிறோம். லத்தீன் மொழியில் ஒரு சமய வாசகம். அதைப் பல குரல்கள் சேர்ந்து பாடும். ஒரு குரல் பாட மற்றவை துணை நிற்பது என்ற பேச்சு இதில் கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் தனக்கென்று முழுமையான ஒரு மெட்டு உண்டு. ஒருவர் தொடங்கிய சொற்றொடரைச் சற்றுப் பொறுத்து இன்னொருவர் எடுப்பார், பிறகு மூன்றாமவர். எந்த நேரத்திலும் இரண்டு மூன்று இடங்களில் வாசகம் நடந்துகொண்டிருக்கும். பேர்டின் இந்த மோட்டெட் ஐந்து குரல்களுக்கானது. இரண்டு பகுதிகள். முழுவதும் பாட எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும்.

வாசகம் விவிலியத்தில் எசாயா இறைவாக்கினர் நூலின் 64-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது, இரண்டே வசனங்கள். முதல் பகுதி ஒரு மன்றாட்டு. இறைவனிடம் கோபம் போதும் என்று கெஞ்சுகிறார்கள், எங்கள் குற்றங்களை இனி நினைக்காதே என்கிறார்கள், நாங்கள் எல்லாரும் உன் மக்கள்தானே, எங்களைப் பார் என்கிறார்கள். இரண்டாம் பகுதியில் கோரிக்கை எதுவும் இல்லை. புனித நகரம் பாலைவனமாகிவிட்டது, சீயோன் வெறிச்சோடிவிட்டது, எருசலேம் பாழாகிவிட்டது என்று நிலைமையைச் சொல்லி நின்றுவிடுகிறது.

விவிலிய வாசகம், அதுவும் லத்தீனில். பாபிலோனியரிடம் நாட்டைப் பறிகொடுத்த ஒரு பழங்கால இனத்தின் புலம்பல். இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 1580-களின் இங்கிலாந்தில், பேர்ட் போன்ற ஒருவர் இந்த வசனங்களைத் தேர்ந்தெடுத்தால், கேட்டவர்களுக்கு எந்த நகரம் கண்முன் வந்திருக்கும்?

அதற்குப் பேர்ட் யார் என்று பார்க்க வேண்டும். 1540-ஐ ஒட்டி லண்டனில் பிறந்தவர். 1563-இல், இருபத்து மூன்று வயதளவில், லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் சிறுவர் பாடற்குழுவின் ஆசிரியராகவும் சேர்ந்தார். 1569-இல் பேராலய நிர்வாகம் அவர் சம்பளத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. 1572 ஜனவரியில் அரசவைப் பாடகர் ராபர்ட் பார்சன்ஸ் ட்ரென்ட் ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்த இடத்துக்கு அடுத்த மாதமே பேர்ட் அழைக்கப்பட்டார். எலிசபெத் அரசியின் சொந்த வழிபாட்டுப் பாடற்குழுவான சேப்பல் ராயலில் இடம் கிடைப்பதற்கு மேல் ஓர் இசைக்காரருக்கு அந்த நாட்டில் வேறு உயர்வு இல்லை. அங்கே மூத்த கலைஞர் தாமஸ் டாலிஸ் அவருக்குத் தோழரானார். 1575-இல் இசை நூல்களையும் இசை எழுதுவதற்கான கோடிட்ட தாளையும் அச்சிடும் தனியுரிமையை இருவருக்கும் சேர்த்து 21 ஆண்டுகளுக்கு அரசி வழங்கினார். நன்றியாக இருவரும் ஆளுக்குப் பதினேழு என 34 லத்தீன் பாடல்களை அச்சிட்டு அரசிக்கே காணிக்கையாக்கினார்கள். அது அரசி பட்டமேறிய பதினேழாம் ஆண்டு.

அரசிக்காக இறைவனை வேண்டும் ஆங்கிலப் பாடலையும் பேர்ட் இயற்றியிருக்கிறார். ‘உன் ஊழியை எங்கள் அரசி எலிசபெத்’ என்று பெயர் சொல்லி வேண்டுகிற அந்தப் பாடல் இன்றும் பேராலயங்களில் ஒலிக்கிறது. கடமைக்காகச் செய்த வேலை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அவ்வளவு நேர்த்தியான பாட்டு அது.

ஆனால் பேர்ட் கத்தோலிக்கர். அரசியோ புராட்டஸ்டன்ட் திருச்சபையின் தலைவி.

எட்டாம் ஹென்றி 1534-இல் ரோமிடமிருந்து பிரிந்ததில் தொடங்கிய அலை அது. அவர் மகன் எட்வர்டின் ஆட்சியில் லத்தீன் திருப்பலி ஒழிக்கப்பட்டது. மூத்த மகள் மேரியின் ஆட்சியில் அது திரும்பி வந்தது. 1558-இல் எலிசபெத் வந்தார். அடுத்த ஆண்டே மறுபடி சட்டப்படி விலக்கப்பட்டது. டாலிஸ் இந்த நால்வருக்கும் பாடியவர். பேர்டின் பிள்ளைப் பருவத்திலேயே நாட்டின் சமயம் இரண்டு முறை தலைகீழானது. எலிசபெத் ஆட்சியின் முதல் பத்தாண்டு பெரிய கெடுபிடி இல்லாமல் போனது. பழைய நம்பிக்கையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் தலைகாட்டினால் போதும். 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபையிலிருந்து விலக்கி, அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று மக்களுக்கு அறிவித்தபோது அந்த நிம்மதி முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் துரோகியாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள். ரோமில் கையெழுத்தான அந்த ஓலைக்கு விலை கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்கள்.

பேர்டின் மனைவி ஜூலியானாவின் பெயர், அரசுச் சபையின் வழிபாட்டுக்கு வராதவர் என்று 1577-இல் முதன்முதலாக வழக்கில் ஏறியது. பேர்டின் பெயர் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 1581-இல் புதுச் சட்டம் ஒன்று இந்தக் குற்றத்துக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் விதித்தது. அந்தத் தொகையின் கனம் புரிய ஒரு கணக்கு: சேப்பல் ராயல் பாடகர் ஒருவரின் ஆண்டுச் சம்பளமே அப்போது சுமார் 30 பவுண்டுதான்.

அதே 1581-இல் நடந்ததுதான் எட்மண்ட் கேம்பியனின் மரணம். கேம்பியன் பேர்டின் வயதுக்காரர். 1566-இல் எலிசபெத் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தபோது அவர் முன்னிலையில் வாதாடிப் பாராட்டு வாங்கிய இளைஞர். பிறகு கத்தோலிக்கராகி, சேசு சபைத் துறவியாகி, 1580-இல் மாறுவேடத்தில் நாடு திரும்பினார். வீடு வீடாக ஒளிந்து திருப்பலி நிறைவேற்றினார். அடுத்த ஜூலையில் லைஃபர்ட் கிரேஞ்ச் என்ற பண்ணை வீட்டில், சுவருக்குள் இருந்த மறைவறையில் பிடிபட்டார். லண்டன் கோபுரச் சிறையில் கைகால்களை இழுக்கும் இயந்திரத்தில் ஏற்றி வதைத்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி டைபர்னில் தூக்கிலிட்டு, உடலைக் கூறு போட்டார்கள்.

அந்தக் கொலைக்களத்தில் கூட்டத்தோடு நின்றவர்களில் ஒருவர் ஹென்றி வால்போல் என்ற இளைஞர். அவர் கேம்பியனைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதை அச்சிட்ட ஸ்டீஃபன் வாலெங்கரின் காதுகள் அறுக்கப்பட்டன. வால்போலும் பின்னாளில் துறவியாகி, 1595-இல் யார்க் நகரில் அதே தண்டனையை அடைந்தார். இப்படிப்பட்ட கவிதைக்குத்தான் பேர்ட் மெட்டமைத்தார். 1588-இல் தன் ஆங்கிலப் பாடல் தொகுப்பில் அச்சிலும் வெளியிட்டார். முதல் பத்தியை அப்படியே வைத்து, ஆபத்தான பின்பத்திகளுக்குப் பதில் தீங்கில்லாத வேறு பத்திகளைச் சேர்த்திருந்தார். மூலக் கவிதையை அறிந்தவருக்கு முதல் வரியே போதும். அரசியின் சம்பளம் வாங்கிய ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைக்க நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

எருசலேம், பாபிலோன், சிறைவாசம், திரும்பும் நாள். தலைமறைவாய் வாழ்ந்த ஆங்கிலக் கத்தோலிக்கர் தங்கள் நிலைமையைச் சொல்லப் பயன்படுத்திய சொற்கள் இவைதாம். இழந்த நகரம் என்றால் அவர்களுக்கு இழந்த திருச்சபை. பேர்ட் 1589-இல் வெளியிட்ட மோட்டெட் தொகுப்பைப் புரட்டினால் இந்தச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ‘தேயுஸ் வெனேருன்ட் ஜென்டெஸ்’ என்ற மோட்டெட்டின் வாசகம், கொல்லப்பட்ட இறையடியார்களின் உடல்கள் புதைக்க ஆளின்றிப் பறவைகளுக்கு இரையாவதைப் பற்றிய திருப்பாடல். டைபர்னைக் கண்ணால் பார்த்த தலைமுறைக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. பேர்டின் லத்தீன் இசையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜோசப் கெர்மன், இந்த வாசகத் தேர்வு தற்செயலானதல்ல, ஒரு சமூகத்தின் துயரை அதன் சார்பில் பேசுவது என்று வாதிட்டார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து அது.

‘நே இராஸ்காரிஸ்’ கேம்பியனுக்கான இரங்கற்பா என்று சிலர் ஒரே போடாகப் போடுவதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. தேவையும் இல்லை. ஒரு மரணத்தோடு முடிச்சுப் போட்டால் பாட்டு சிறுத்துவிடும். அந்தப் பத்தாண்டு முழுவதும் ஆங்கிலக் கத்தோலிக்க வீடுகளில் இருந்த அச்சமும் அவமானமும் ஏக்கமும் அதில் இருக்கின்றன.

இனி இசைக்கு வருவோம்.

தொடக்கமே எதிர்பார்ப்புக்கு மாறானது. இவ்வளவு துயரமான வாசகத்துக்குக் கூர்மையான, கசப்பான ஸ்வரச் சேர்க்கைகள் வரும் என்று காத்திருப்போம். பேர்ட் அதைச் செய்யவில்லை. இன்று மேஜர் என்று சொல்கிறோமே, அந்தத் தெளிந்த, ஒளியான ஸ்வர வரிசையிலேயே முழு மோட்டெட்டும் நடக்கிறது. குரல்கள் தாழ்ந்த இடத்தில், அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. கோபம் வேண்டாம் என்று கேட்பவர் தானே குரலை உயர்த்தலாமா? அடங்கிய குரலில், மரியாதையோடு, ஆனால் விடாமல் கேட்கிற பாவனை அது. கெஞ்சல் சொற்களை ஒவ்வொரு குரலும் சுமந்துபோய் அடுத்த குரலிடம் கொடுக்கிறது. ஒருவர் ஓயும்போது இன்னொருவர் தொடங்கிவிடுவதால் மன்றாட்டுக்கு இடைவெளியே இல்லை.

முதல் பகுதியின் பின்பாதியில் ‘இதோ, பார்’ என்ற பொருள்தரும் லத்தீன் சொற்கள் வரும்போது இந்த ஓட்டம் மாறுகிறது. இழைகள் ஒதுங்கி, குரல்கள் கூட்டமாகச் சேர்ந்து அழைக்கின்றன. இறைவனின் கவனத்தைத் திருப்ப வேண்டிய இடம் அல்லவா! உடனே ‘நாங்கள் எல்லாரும் உன் மக்கள்’ என்பதில் பின்னல் மறுபடி விரிகிறது. ‘எல்லாரும்’ என்கிற அந்தச் சொல்லைப் பேர்ட் எளிதில் விடுவதில்லை. ஐந்து குரல்களும் மாறி மாறி அதைத் தொடுகின்றன. சட்டம் ஒரு பகுதி மக்களை அந்நியர் என்று தள்ளிவைத்த காலத்தில் அந்தச் சொல்லில் அவர் ஏன் இவ்வளவு நேரம் நின்றார் என்று யோசித்துக்கொண்டே கேட்கலாம்.

இரண்டாம் பகுதி, ‘சிவிதாஸ் சாங்க்தி துயி’, புனித நகரம் பாலையாகிப்போனதை அதே பொறுமையோடு சொல்லத் தொடங்குகிறது. குரல்கள் பின்னிப் பின்னி நடக்கின்றன. திடீரென்று பின்னல் நின்றுபோகிறது. ‘சீயோன்’ என்ற சொல்லைக் குரல்கள் கூட்டமாக, ஒரே நேரத்தில், ஒரே அசையில் எடுக்கின்றன. அலங்காரம் ஒன்றும் இல்லை. சொல்லும் சுருதியும் மட்டும். ஒரு குரல்கூட்டம் சொன்னதை வேறு உயரத்தில் இன்னொரு கூட்டம் அப்படியே திரும்பச் சொல்கிறது. சில நிமிடங்களாக யாராவது ஒருவர் அசைந்துகொண்டே இருந்த இசையில் எல்லாரும் ஒன்றாக அசையும்போது, அது கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே திசையில் திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் உடல் ஒரு கணம் சிலிர்க்கும். இசையில் வெறுமையைக் காட்ட ஒலியைக் குறைக்க வேண்டியதில்லை, பின்னலை எடுத்துவிட்டால் போதும் என்று பேர்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பின் வருவது கடைசி வாசகம், ‘எருசலேம் பாழானது’. மூன்றே லத்தீன் சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு பேர்ட் ஒரு நீண்ட முடிவைக் கட்டுகிறார். ‘தெசோலாதா எஸ்ட்’ என்ற சொற்றொடர் குரலுக்குக் குரல் கைமாறிக்கொண்டே போகிறது. மேலே முடிந்தது கீழே எழுகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது நடுவில் ஒரு குரல் மீண்டும் எடுக்கிறது. அழுகையை நிறுத்த முயல்பவர்கள் நிறுத்த முடியாமல் தவிப்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் இசையில் எழுதியதில்லை என்பது இக்கட்டுரையின் துணிந்த கருத்து. அப்போதும் ஒப்பாரியாக அது வெடிப்பதில்லை. கட்டுப்பாடு கடைசி ஸ்வரம் வரை உடைவதில்லை.

இங்கே ஒரு கேள்வி. இதை ஒரு ரகசியக் குறியீடு என்று சொல்வது சரியா? கடந்த சில பத்தாண்டுகளில் பேர்டைப் பற்றி எழுதுபவர்கள் ‘ரகசியச் செய்தி’ என்ற சொல்லை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல் விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. ரகசியம் என்றால் சாவி வைத்திருப்பவனுக்கு மட்டுமே புரிய வேண்டும். எருசலேம் என்றால் என்ன என்பது பேர்டின் நண்பர்களுக்கு மட்டுமல்ல, அரண்மனைக்காரர்களுக்கும் தெரியும். எசாயா நூல் அவர்களுக்கும் மறைநூல்தான். பேர்ட் எதையும் ஒளிக்கவில்லை. யாரும் மறுக்க முடியாத சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப்படையாக அழுதார். அதைத் தடுக்க வேண்டுமானால் விவிலியத்தைத்தான் தடுக்க வேண்டியிருக்கும்.

பாடியவர்கள் யார், எங்கே? இத்தகைய பாடல்கள் பெரும்பாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடப்பட்டவை. இன்றைய பாடற்குழுவினர் கையில் ஐந்து குரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சான முழு இசைத்தாள் இருக்கும். அன்று அது இல்லை. சுப்பீரியுஸ், மேதியுஸ், கோன்த்ராதெனோர், தெனோர், பாஸுஸ் என்று குரலுக்கு ஒரு சிறு புத்தகம். அதில் தன் குரல் மட்டும். தாளத்தைப் பிரித்துக் காட்டும் குறுக்குக் கோடுகள்கூடக் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காதால் மட்டுமே அறிய வேண்டும். ஓர் ஏடு தொலைந்தால் பாட்டுக்கே ஊனம். பேர்டின் காலத்திலேயே ஜான் பால்ட்வின் என்பவர் எழுதிய ஏடுகள் கிறைஸ்ட் சர்ச் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் தெனோர் ஏடு காணாமல் போய்விட்டது. வேறு பிரதி இல்லாத பாடல்களில் அந்தக் குரலை இன்று ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இத்தகைய பாடல்கள் ஒலித்த ஒரு வீட்டின் உள்ளே நாம் எட்டிப்பார்க்கவும் முடிகிறது. 1586 ஜூலையில், தேம்ஸ் நதிக்கரையில் ஹர்லிஃபோர்ட் என்ற இடத்தில் ரிச்சர்ட் போல்ட் என்பவரின் இல்லத்தில் கத்தோலிக்கர்கள் சில நாள் ரகசியமாகக் கூடினார்கள். ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஹென்றி கார்னெட், கவிஞர் ராபர்ட் சவுத்வெல் என்ற இரண்டு சேசு சபைத் துறவியரை வரவேற்கும் கூட்டம் அது. உடனிருந்த வில்லியம் வெஸ்டன் என்ற துறவி பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதினார். வீட்டுக்காரர் இசையில் தேர்ந்தவர். ஆர்கனும் வேறு வாத்தியங்களும் வைத்திருந்தார். வீட்டு ஆண்களும் பெண்களும் பாடினார்கள். அங்கே பேர்டும் இருந்தார். சமயத்துக்காகப் பேர்ட் அரசவையில் எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்று வெஸ்டன் எழுதுகிறார். அது மிகை. பேர்டின் பெயர் சேப்பல் ராயல் பதிவேட்டிலிருந்து சாகும்வரை நீங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவரோடு இருந்த சவுத்வெல் 1595-இலும் கார்னெட் 1606-இலும் தூக்கு மேடை ஏறினார்கள்.

பேர்ட் மட்டும் எப்படித் தப்பினார்? இசைப் பித்துக் கொண்ட அரசியின் ஆதரவு ஒன்று. பெரிய இடத்து நண்பர்கள் மற்றொன்று. 1589 தொகுப்பை அவர் வூஸ்டர் பிரபு எட்வர்ட் சாமர்செட்டுக்குக் காணிக்கையாக்கினார். வூஸ்டர் கத்தோலிக்கராக இருந்தும் அரசியின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர். 1590-களின் தொடக்கத்தில் பேர்ட் மேல் இருந்த ஒரு வழக்கு அரசியின் ஆணைப்படி கைவிடப்பட்டதாக நீதிமன்றக் குறிப்பு சொல்கிறது. அபராதங்களும் வழக்குகளும் அதற்குப் பிறகும் வந்தன. உயிருக்கு ஆபத்து வரவில்லை.

கடல் கடந்தும் ஒருவர் இவரை நினைத்துக்கொண்டிருந்தார். பிலிப் டி மோன்டே, புனித ரோமப் பேரரசரின் இசைத்தலைவர். 1554-இல் மேரி அரசியை மணக்க வந்த ஸ்பெயினின் பிலிப்பின் பாடற்குழுவோடு இங்கிலாந்து வந்துபோனவர். 1583-இல் பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்களைப் பற்றிய திருப்பாடலுக்கு எட்டுக் குரல்களில் இசையமைத்துப் பேர்டுக்கு அனுப்பினார். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் என்று கேட்கும் பாடல் அது. மறு ஆண்டு பேர்ட் அதே திருப்பாடலின் தொடர்ச்சிக்கு எட்டுக் குரல்களில் பதில் அனுப்பினார். பேர்ட் பாடுவதை நிறுத்தவில்லை என்ற சேதி அதிலேயே போய்ச் சேர்ந்தது.

1591-இல் இன்னொரு மோட்டெட் தொகுப்பு வந்தது. அதன்பின் பேர்ட் அழுவதை நிறுத்திக்கொண்டார். 1593-ஐ ஒட்டி எஸெக்ஸில் ஸ்டான்டன் மாஸி என்ற சிற்றூருக்குக் குடிபோனார். பக்கத்தில் பீட்டர் என்ற செல்வாக்கான கத்தோலிக்கக் குடும்பம். அங்கே அவர் இயற்றியவை மறைவான திருப்பலிகளில் நேரடியாகப் பாடுவதற்கானவை: மூன்று முழுத் திருப்பலி இசைகள், பிறகு 1605-இலும் 1607-இலும் ‘கிராதுவாலியா’ என்ற இரண்டு பெருந்தொகுப்புகள். திருப்பலி இசைகள் தலைப்புப் பக்கம்கூட இல்லாமல் அச்சாயின. 1605-இல் ‘கிராதுவாலியா’ பிரதியை வைத்திருந்தார் என்பதற்காக ஷார்ல் டி லின்யி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் கைதாகி நியூகேட் சிறைக்குப் போனார். பேர்டின் புலம்பல் காலம் முடிந்து சேவைக் காலம் தொடங்கியிருந்தது. இரண்டாவதுதான் துணிச்சலில் பெரியது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் மனத்தைப் பிழிவதில் அந்த 1589 தொகுப்புக்கு இணை இல்லை.

இந்தக் கதையில் மிக விசித்திரமான திருப்பம் இனிமேல்தான். பேர்டின் ‘சிவிதாஸ் சாங்க்தி துயி’ பகுதிக்கு யாரோ ஆங்கில வாசகம் பொருத்தினார்கள். ‘பௌ தைன் இயர்’ என்ற அந்த ஆங்கில வடிவத்தை ஜான் பார்னார்ட் 1641-இல் அச்சிட்ட திருச்சபை இசைத் தொகுப்பில் சேர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் பாய்ஸ் தொகுத்த ‘பேராலய இசை’ என்ற பெருநூலிலும் அது இடம்பெற்றது. அதாவது, கத்தோலிக்கரிடமிருந்து பறிக்கப்பட்ட அதே பேராலயங்களில், அவர்களை வெளியேற்றிய சபையின் பாடகர்கள், சீயோன் பாழானதற்காகப் பேர்டின் ஸ்வரங்களில் தலைமுறை தலைமுறையாக அழுதார்கள். பாடியவர்கள் வேறு நகரத்தை நினைத்துக்கொண்டிருக்கலாம். 1640-களில் உள்நாட்டுப் போரில் அவர்கள் பாடற்குழுக்களே கலைக்கப்பட்டபோது, இந்த வாசகம் அவர்கள் கதையாகவும் ஆயிற்று.

பேர்ட் 1623 ஜூலை 4-ஆம் தேதி, எண்பதைத் தாண்டிய வயதில் காலமானார். கத்தோலிக்கத் திருச்சபையின் உண்மையான உறுப்பினனாக வாழ்ந்து சாக வேண்டும் என்று தன் உயிலில் எழுதி வைத்திருந்தார். அவர் மரணத்தைப் பதிவு செய்த சேப்பல் ராயலின் ஏடு, அவரை இசையின் தந்தை என்று குறிக்கிறது. வழிபாட்டுக்கு வராத குற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய அதே அரசின் பதிவேடு அது.

இந்த மோட்டெட்டின் நல்ல ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டாலிஸ் ஸ்காலர்ஸ், தி சிக்ஸ்டீன், தி கார்டினல்ஸ் மியூசிக் போன்ற குழுக்கள் பேர்டை நன்றாகப் பாடுபவர்கள். கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் முறை வாசகத்தின் பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு குரலை, அடியிலுள்ள பாஸ் குரலை, தொடக்கம் முதல் கடைசி வரை விடாமல் பின்தொடருங்கள். அந்தப் புத்தகம் மட்டும் கையில் இருந்த ஒருவர் அன்று மேசையருகே கேட்டது ஏறத்தாழ அதுதான்.

(தொடரும்)